ஊதிக் காட்டு

சூடாக இருக்கிற ரேடியேட்டர் மூடியில் கை வைப்பவனைக் கண்டால் என் மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்ட வார்த்தையே வாயில் வராத மனுஷன் அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருந்தான். "மூஞ்சி வேணுமா வேணாமா உனக்கு?" என்று ஆரம்பித்துவிட்டால் எதிரே நிற்பது கார் முதலாளியா டிரைவரா என்றெல்லாம் பார்க்க மாட்டான். இன்ஜின் ஆறும்வரை ஒருத்தரையும் பக்கத்தில் விடமாட்டான். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பான், கொஞ்சம் உட்காருவான், மறுபடி தொட்டுப் பார்ப்பான். பிறகு தடித்த துணியை மடித்து மூடிமேல் போட்டு, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சமே கொஞ்சம் திருகி நிறுத்துவான். உள்ளே மிச்சம் இருக்கிற அழுத்தம் புஸ்ஸென்று போய்த் தீர்ந்த பிறகுதான் மூடியைக் கழற்றுவான். பார்க்கிற எனக்குக் கொட்டாவி வரும்.

மாப்பிள்ளை என்பது நானாக ஏற்படுத்திக்கொண்ட உறவு. அவன் பெண்டாட்டியைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன், அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். தகரக் கூரை போட்ட ஒரே பட்டறையில் அவன் மெக்கானிக், நான் பெயிண்டர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் குடித்தோம். அவன் விட்டுவிட்டான், நான் விடவில்லை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, என் மூக்கைப் பார்த்தாலே தெரியும்.

பட்டறையில் ஒரு நாய் வளர்ந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியே இருக்கும். ஒருநாள் யாரோ ரேடியேட்டரிலிருந்து இறக்கிய பழைய கூலன்டை, அதாவது இன்ஜினைக் குளிரவைக்கிற திரவத்தை, தட்டோடு மூலையில் வைத்துவிட்டுப் போக, நாய் நக்கிவிட்டது. கூலன்ட் இனிக்கும். சாயங்காலம் அது குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளாடி நடந்தது, சுவரில் முட்டிக்கொண்டது, முட்டிய சுவரைப் பார்த்துக் குரைத்தது. "பெயிண்டர் பாட்டிலை நக்கிடுச்சுடா!" என்று எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான். மறுநாள் அது எழுந்திருக்கவில்லை, அதற்கும் மறுநாள் செத்துப்போனது. மாப்பிள்ளைதான் பின்பக்கம் குழி தோண்டினான். அன்று முதல் கூலன்ட் ஒரு சொட்டுகூடத் தரையில் விழ விடமாட்டான். அகலத் தட்டில் பிடித்து, கேனில் ஊற்றி, மூடியைத் திருகி, மேலே சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட என்னைக் கூப்பிடுவான். தப்பித் தவறி விழுந்தால் மரத்தூள் போட்டு அள்ளி, அந்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்படித்தான் அவனுக்குச் சொட்டு என்ற பட்டப்பெயர் வந்தது. நானே வைத்தது.

அவன் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. "இன்னொரு தடவை நாத்தத்தோட வந்தீங்கன்னா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன்" என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டுகிற ஜாதி இல்லை அவள், சொன்னால் செய்வாள். தினமும் சாயங்காலம் அவன் வாசலுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் எதிரே வந்து நிற்பாள். "ஊதுங்க." அவன் ஊதுவான். ஒரு கை தூரத்தில் நின்று மோந்து பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்ல, உள்ள வாங்க" என்பாள். அப்புறம்தான் செருப்பு கழலும். ஒருநாள் நானே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏண்டா, வீட்டுக்குள்ள போறியா, செக்போஸ்டைத் தாண்டறியா?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. "இருக்கட்டும் மச்சான். நான் தினமும் பாஸாகுறது அந்த ஒரு பரீட்சைதான்" என்றான்.

அந்தப் பரீட்சையில் அவன் ஒருநாளும் தோற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாக்ஸிக்காரன் ஒருத்தன் எங்களுக்கு வாடிக்கை. ஆள் நல்லவன், வாய்தான் ஓயாது. கார் சூடாகிறது, முள் மேலே மேலே ஏறுகிறது என்று ஒருநாள் காலையில் வந்து நின்றான். இரைந்துகொண்டிருந்த இன்ஜினை மாப்பிள்ளை அணைக்கச் சொன்னான்.

"கூலன்ட் யார் ஊத்துனது?"

"நான்தாண்ணே. போன மாசம் நானே மாத்திட்டேன்."

"தண்ணி எவ்வளவு கலந்தே?"

"தண்ணியா? எதுக்குத் தண்ணி? பாலுக்குத் தண்ணி ஊத்துனாலே சத்து போயிடும். சுத்தமா அதையே முழுசா ஊத்திட்டேன்."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டான். "அறிவுக்கொழுந்தே, சூட்டை இழுக்கிறது தண்ணிதான்டா. பாதி அது, பாதி சுத்தத் தண்ணி. வெறும் கூலன்டு கஷாயம் மாதிரி நிக்கும், ஓடாது. எல்லாத்தையும் இறக்கிக் கழுவிட்டுத்தான் மறுபடி ஊத்தணும். இன்ஜின் ஆறுற வரைக்கும் நீயும் வாயை மூடிக்கிட்டு ஆறு."

மதியம் தாண்டித்தான் கை வைத்தான். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினான், கை உள்ளே இருக்கும்போது விசிறி தானாகச் சுற்றிவிடக் கூடாது என்று. துணி போட்டு மூடியைத் திறந்தான். காருக்கு அடியில் தட்டை வைத்துவிட்டுப் படுத்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தேடினான். பிளாஸ்டிக் திருகு. வருஷக்கணக்காக யாரும் தொடாமல் இறுகிப்போயிருந்தது. கொஞ்சம் அழுத்தினால் உடைந்து கையோடு வந்துவிடும், உடைந்தால் ரேடியேட்டரே போச்சு.

வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் கீழ் ஹோஸைப் பிடுங்கியிருப்பான். குபுக்கென்று ஊற்றும், பாதி தட்டில் விழும், பாதி தரையில் போகும், ஒரு வாளி தண்ணீர் அடித்துக் கழுவினால் முடிந்தது வேலை. எனக்குத் தெரிந்து ஊரில் அத்தனை பேரும் அப்படித்தான் செய்கிறார்கள். இவன்தான் சொட்டு ஆயிற்றே. மேலே மூடி வழியாக ஒரு குழாயை விட்டுப் பெரும்பகுதியை இழுத்துவிட்டால், மிச்சத்தைக் கீழ் ஹோஸைத் தளர்த்தி மெதுவாகத் தட்டிலேயே பிடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. வழக்கமாக இதற்கென்று கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தான், எதுவரை ஏறுகிறது என்று வெளியே தெரியும். அது வெயிலில் வெடித்துப் போயிருந்தது. ஆணியில் தொங்கிய கறுப்பு ரப்பர் குழாயை எடுத்தான்.

ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். கெட்டியான கூலன்ட், சுலபத்தில் ஏறவில்லை. கன்னம் குழிய இழுத்தான். டாக்ஸிக்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா? முதுகில் ஒன்று வைத்து, "என்னண்ணே, வீட்ல ஊதச் சொல்றாங்க, இங்க உறியுறீங்களா?" என்றான்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறவன் வாயில் என்ன இருக்கிறது என்று தொண்டைக்குத் தெரியாது. அவன் தொண்டை ஏறி இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன், இரண்டு தடவை. மூன்றாவது இருமலாக வெளியே வந்தது. அப்போதும் குழாயின் முனையைக் கீழே விடவில்லை பாவி, கட்டைவிரலால் அடைத்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் இருமினான்.

குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தான், விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தான், வரவில்லை.

"டாக்டர்கிட்டப் போலாம் வாடா" என்றேன்.

"நாய் ஒரு தட்டையே நக்குச்சு மச்சான். இது ரெண்டு மடக்கு. நாய் எங்க, நான் எங்க? தண்ணி நிறையக் குடிச்சா ஒன்னுக்குல போயிடும்."

"எதுக்கும் ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாம்டா."

அவன் டாக்ஸிக்காரன் காதில் விழாமல் என் பக்கம் சாய்ந்தான். "டாக்டர் வீட்டுக்குத்தான் சொல்லி அனுப்புவாரு. என்னன்னு சொல்வாரு? உன் புருஷன் குடிச்சிட்டான்னு சொல்வாரு. குடிச்சிட்டான்கிற வார்த்தை அவ காதுல விழக்கூடாது மச்சான். அது என்னத்தக் குடிச்சாலும் சரி."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அப்படி ஒரு வீடு அது, அப்படி ஒரு பயம் அவனுக்கு.

பிறகு அவன் செய்த வேலையை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் இறக்கினான். வெறும் தண்ணீர் ஊற்றி, பேட்டரி வயரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறக்கினான். வருகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளியும்வரை விடவில்லை. கூலன்டையும் சுத்தத் தண்ணீரையும் வாளியில் சரிபாதி கலந்து, உள்ளே காற்று அடைத்துக்கொள்ளாதபடி நூல் மாதிரி ஊற்றினான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே இன்ஜினை ஓடவிட்டு, காருக்குள் ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, ஹோஸ்களைக் கையால் பிசைந்து பிசைந்து விட்டான். குமிழி வந்தது, வந்தது, பிறகு நின்றது. "காத்து ஒரு கொட்டைப்பாக்கு அளவு உள்ள நின்னாலும் போதும், இன்ஜினைத் தின்னுடும்" என்று டாக்ஸிக்காரனுக்குப் பாடம் எடுத்தான்.

பாடம் எடுக்கும்போதே குரலில் ஒரு குஷி. டாக்ஸிக்காரன் சொன்ன மொக்கை ஜோக்குக்கெல்லாம் சிரித்தான். என் தோளில் கை போட்டுக்கொண்டு பழைய கதைகளை எடுத்தான், நாங்கள் இரண்டு பேரும் ஒரே செருப்பை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்த கதை, முதலாளி காரில் படுத்துத் தூங்கிய கதை. குடியை விட்ட பிறகு அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பழைய மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேனுக்கு மாற்றும்போது பழைய கூலன்ட் அரை டம்ளர் அளவு தரையில் சிந்தியது. அவன் அதைப் பார்த்தான், தாண்டிக்கொண்டு போனான். நான்தான் மரத்தூள் போட்டு அள்ளினேன். அள்ளும்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வீட்டில் நடந்ததைத் தங்கச்சிதான் பிறகு சொன்னாள், ஒரே தடவை. அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அவன் தெருமுனையில் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். வாசலில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஊதுங்க."

ஊதினான். ஒரு வாடையும் இல்லை. கிட்டே வந்து இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். லேசாகத் தித்திப்பாக என்னமோ, அவ்வளவுதான். ஆனால் கண் சொருகுகிறது, நாக்கு குழறுகிறது, நிற்கிற இடத்தில் நிற்க முடியவில்லை. அந்தக் காலத்தில் அவன் செய்யாத தில்லுமுல்லா? புதினா மிட்டாய் மென்று வருவான், பற்பசையை விழுங்கிவிட்டு வருவான், இருமல் மருந்து குடித்தேன் என்று வெறும் மருந்து பாட்டிலைக் காட்டுவான்.

"வாடையே வராமக் குடிக்கக் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவன் உண்மையைச் சொன்னான். தரையில் சரிந்து உட்கார்ந்துகொண்டு, குழறிக் குழறிச் சொன்னான். "ரேடியேட்டர் தண்ணிமா. ரேடியேட்டர் தண்ணியக் குடிச்சிட்டேன்." சொல்லிவிட்டு, அது எவ்வளவு கேவலமான சாக்காகக் கேட்கிறது என்று அவனுக்கே தோன்றியதோ என்னவோ, சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "முன்னெல்லாம் இருமல் மருந்து, இப்ப ரேடியேட்டர் தண்ணியா? நாளைக்கு என்ன, பெட்ரோலா?" என்று கத்திவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் வாசல் அறைத் தரையிலேயே கிடந்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்த சத்தம் கேட்டது. பழைய நாட்களில் எழுந்துபோய்த் துடைத்துவிடுவாள். அன்றைக்குப் போகவில்லை. அழுதுகொண்டே பெட்டியில் துணி அடுக்கினாள்.

விடிந்ததும் பெட்டியோடு வெளியே வந்தாள். அவனைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்ட ஒரு காலைத் தூக்கியவள் நின்றுவிட்டாள். ஓடிக் களைத்தவன் மாதிரி அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், நீளமாக, ஆழமாக. குடித்துவிட்டுத் தூங்குகிறவன் எப்படி மூச்சு விடுவான் என்று அவளை விட யாருக்குத் தெரியும்? தட்டினாள், உலுக்கினாள், கண் திறக்கவில்லை. அப்போதும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருப்பீங்களா அண்ணே? ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டீங்களே! என்னத்த வாங்கிக் குடுத்தீங்க அவருக்கு?"

நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். "நான் எதுவும் குடுக்கல தங்கச்சி. அவன் என்ன குடிச்சான்? ரேடியேட்டர்ல குழாய் போட்டு உறியறப்ப ரெண்டு மடக்கு உள்ள போயிடுச்சு, அது ஒன்னுதான்..."

"அவரும் அதையேதான் சொன்னாரு" என்றாள்.

"எப்படி இருக்கான் இப்ப?"

"ராத்திரி தள்ளாடிக்கிட்டு வந்தாரு. இப்ப எழுந்திருக்க மாட்டேங்கிறாரு."

சுவரில் முட்டிக்கொண்டு அதையே பார்த்துக் குரைத்த நாய் என் கண் முன்னால் வந்து நின்றது. சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினேன்.

டாக்ஸிக்காரனைத்தான் கூப்பிட்டேன், அந்த நேரத்தில் வேறு யார் வருவார்கள்? பின் சீட்டில் அவனைக் கிடத்தி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி உட்கார்ந்தாள். டாக்ஸிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் விரட்டினான். நான் முன்சீட்டிலிருந்து, என்ன செய்வதென்று தெரியாமல், வெப்ப முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு விரட்டியும் முள் நடுவிலேயே நின்றது, ஒரு கோடு மேலே ஏறவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். என்ன குடித்தார், எவ்வளவு, எப்போது என்று மூன்று கேள்வி கேட்டார். எப்போது என்றதற்கு நான் நேற்று மதியம் என்றதும் அவர் முகம் மாறியது. "நேத்து சாயங்காலமே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கூலன்ட் அப்படியே இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. கல்லீரல் அதை உடைத்து அமிலமாக்கும்போதுதான் ஆபத்து, அது சிறுநீரகத்தில் போய் மணல் மாதிரி அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கிற மருந்து இங்கே இல்லை, சொல்லி அனுப்பியிருக்கிறோம், வருவதற்கு நேரமாகும். அதுவரைக்கும் அந்த வேலையைச் செய்கிற இன்னொன்று இருக்கிறது.

"சாராயம்" என்றார் டாக்டர். "கல்லீரலுக்கு அது கிடைச்சா அதைத்தான் முதல்ல கவனிக்கும், இதை விட்டுடும். மிச்சம் இருக்கிற விஷமாவது அப்படியே வெளிய போகும். தண்ணி மாதிரி நிறமில்லாம இருக்குமே, காட்டமானது, அது ஒரு பாட்டில் உடனே வாங்கிட்டு வாங்க. அளவு நான் பார்த்துக்கிறேன்."

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். தங்கச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க இருங்க. நான் போறேன்."

"அங்கெல்லாம் நீ எதுக்கும்மா? நான்..."

"நீங்க போனா அங்கேயே உட்கார்ந்துடுவீங்க."

அந்த நிலையிலும் என்னைக் குத்தாமல் விடவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்த அந்தச் சாராயக் கடை அவளுக்குப் புதிது இல்லை, எத்தனையோ தடவை அவனை அதன் படியிலிருந்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பாதிக் கதவுதான் திறந்திருந்தது. காலை நேரத்துக்கே வந்து நிற்கிற நாலைந்து பேர் அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்காரருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அக்கா, சத்தியமா அவரு இங்க வரல. வருஷக்கணக்கா வர்றதில்ல. இந்தத் தெருவுல போனாக்கூட எதிர்ப்பக்கமாத்தான் போவாரு. தலையைக்கூடத் திருப்ப மாட்டாரு. வேணும்னா யாரை வேணா கேளுங்க."

நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருத்தர், "ஆமாம்மா, நாங்க கூப்பிட்டுக்கூடப் பார்த்தோம்" என்றார்.

தங்கச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வாழ்நாளெல்லாம் அவள் கேட்க ஆசைப்பட்ட சாட்சி அது, அதைச் சொல்லத் தகுந்த ஆள் உலகத்திலேயே அந்தக் கடைக்காரர்தான். ஒருநாள் முன்னால் சொல்லியிருந்தால் போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காட்டமானதா ஒரு பாட்டில் குடுங்க. நிறம் இல்லாதது" என்றாள்.

"யாருக்குக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

பையில்கூடப் போடாமல், பாட்டிலை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு நட்டநடு ரோட்டில் அவள் ஓடினாள். தெருவே பார்த்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

டாக்டர் அளந்து கலந்து கொடுத்தார். மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் விட்டிருந்தார்கள். குழாயின் முனையில் சின்னப் புனல். நர்ஸ் ஊற்றப் போனபோது, "நான் ஊத்தறேன்" என்றாள் தங்கச்சி. நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் தலையாட்டினார். மெதுவாக, நூல் மாதிரி ஊற்றினாள். இத்தனை வருஷம் எது அவன் வாய்க்குப் போகக் கூடாது என்று வாசலில் காவல் நின்றாளோ அதை அவள் கையாலேயே ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சில் அந்த வாடை வந்தது. நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் குனிந்து, அவன் மூக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "குடிங்க, குடிங்க" என்று அழுதாள்.

அவன் சாகவில்லை. சிறுநீரகம் இரண்டும்தான் செத்துப்போயின.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் படுக்கிறான். பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வேலை செய்கிறவர்களை அதட்டுவதோடு சரி. குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. தங்கச்சி காலையில் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுப்பாள், நாள் முழுக்க அவ்வளவுதான். வெயில் நாளில் அவன் அந்தப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், எனக்கு மனசு அறுந்துபோகும். ஒருநாள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கறுத்துப்போன முகத்தோடு சிரித்தான்.

"நம்ம வேலைதான் மச்சான் இது. இறக்குறாங்க, கழுவுறாங்க, திரும்ப ஊத்துறாங்க. காத்து புகுந்துடக் கூடாதுன்னு இங்கயும் ஒருத்தர் காவல். ஒரு சொட்டு கீழ விடறதில்ல."

"வாயை மூடுடா" என்றேன். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவன் வீட்டு வாசலில் இப்போதும் நடக்கிற ஒன்றை நான் போன வாரம்தான் பார்த்தேன். பட்டறையிலிருந்து டாக்ஸிக்காரன் காரில் அவனை வீட்டில் விடப் போனேன். வாசலில் தங்கச்சி நின்றாள். அவன் படியேறி, செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"ஊதுங்க" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இன்னுமாம்மா? இவ்வளவுக்கு அப்புறமும் இந்த மனுஷனைச் சந்தேகப்படுவியா நீ? மனசாட்சி வேணாம்?" என்று தெரு கேட்கக் கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அதுக்கில்ல அண்ணே" என்றாள். "உடம்புல அழுக்கு ஏற ஏற மூச்சுல மூத்திர வாடை வரும்னு நர்ஸம்மா சொன்னாங்க. இவரு வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாரு. தலை சுத்துனாலும் சொல்ல மாட்டாரு. சொன்னா நான் நம்ப மாட்டேன்னு பயம். அதான் நானே பார்த்துடறேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்து, விடு என்கிற மாதிரி கையசைத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி ஊதினான். முன்பு ஒரு கை தூரத்தில் நிற்பவள், இப்போது அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். ஊதினான்.

"ஒன்னும் இல்லல்ல?" என்று கேட்டான், பழைய பழக்கத்தில்.

"இருக்கு" என்றாள். "நாளைக்கு மெஷினுக்குப் போற வரைக்கும் தாங்காது. செருப்பைக் கழட்டாதீங்க."

நான் காரை எடுக்கச் சொல்ல ஓடினேன்.